ஆட்டம் எங்கே என்று முதலில் பாருங்கள்

கடந்த வெங்காய அறுவடைக் காலத்தில் ஒரு விடியற்காலை, பின் ஆசனம் கழற்றப்பட்ட பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று ஐந்து மூடை வெங்காயத்துடன் மருதனார்மடம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறித் திரும்பும்போது அதன் இடது முன் சில்லு மடிந்து, கார் மூக்குக் குத்தி உட்கார்ந்துவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் காயம் இல்லை. மட்காட் நசிந்தது, வெங்காயம் வீதியெங்கும் கொட்டுண்டது, அவ்வளவுதான். ஆனால் அதற்குச் சில விநாடிகளுக்கு முன்னர்தான் இரண்டு பிள்ளைகள் ஒரே சைக்கிளில் அந்த இடத்தைக் கடந்து ரியூசனுக்குப் போயிருந்தார்கள்.

காரின் சொந்தக்காரர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த விவசாயி. 1990இல் சிறுவனாக இடம்பெயர்ந்தவர். தகப்பனின் செம்மண் காணி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. வேறொருவருடைய தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறார். கடன் பட்டு வாங்கிய அந்தக் கார்தான் அவருக்கு வண்டி, லொறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனம் எல்லாம். அன்று பின்னேரம் நான் போனபோது முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"ஆட்டம் இருந்தது உண்மைதான் ஐயா. அதுக்காகத்தான் போன மாசம் நானே ரெண்டு போல் ஜொயின்ரும் புதுசு வாங்கிப் போட்டனான். நான் ஒண்டும் பிழையாய்ச் செய்யேல்லை" என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. புதிய போல் ஜொயின்ற் இரண்டும் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தன. நற்றுக்குக் குறுக்கே புது ஸ்பிளிற் பின் போட்டு மடக்கியிருந்தார். கராஜில் கொடுத்திருந்தாலும் இவ்வளவு துப்புரவாகச் செய்திருப்பார்களோ தெரியாது. வேலை சரி, இடம்தான் பிழை. ஆட்டம் இருந்தது போல் ஜொயின்ரில் அல்ல, கிங்பின்னின் கீழ்ப்புரியில். அதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னவரும் இல்லை.

சேதனப் பசளை, விதை வெங்காயம், கோழி வளர்ப்பு என்று எழுதி வரும் இந்தச் சஞ்சிகையில் காரின் ஸ்ரியறிங் பற்றி எழுதுவது சிலருக்குப் புதுமையாக இருக்கலாம். எங்கள் கிராமங்களில் விளைபொருள் சந்தைக்குப் போவது எதில் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அந்தப் புதுமை போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டபோதும், வரியோடு சேர்ந்த விலை தோட்டக்காரனுக்கு எட்டக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மறுபடியும் வேலைக்கு வந்திருக்கின்றன. அவற்றைத் திருத்துவதும் பெரும்பாலும் சொந்தக்காரர்தான். அதில் எனக்கு மறுப்பில்லை, இன்னும் கூடுதலானவர்கள் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். நான் கேட்பது, எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து திருத்துவோம் என்பதைத்தான்.

நான் தொழில்முறை மிக்கானிக் அல்ல. தகப்பனாரின் ஏ 40 காருக்குக் கீழே படுத்துக்கிடந்து பழகியவன். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடுக்கப்பட்ட நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்கள்தான் அதற்கு இசைந்து கொடுத்தன. உதிரிப்பாகம் வராது. போல் ஜொயின்ற் தேய்ந்தால் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் பால்மா ரின் தகட்டை வட்டமாக வெட்டி வைத்தோம். கிறீஸ் இல்லாவிட்டால் எரிந்த ஒயிலை ஊற்றினோம். ரை றொட் வளைந்தால் கொல்லனின் உலையில் வைத்து நிமிர்த்தினோம். பெருமைப்படவேண்டிய காலம் அது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு சமூகம் தன் சில்லுகளைத் தானே சுழல வைத்தது.

அந்தப் பெருமையே இன்று எங்களுக்கு ஆபத்தாக வந்து நிற்கிறது. அன்றைய வேகத்தை நாங்கள் மறந்துவிட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழுந்து நடந்தபோது, எங்கள் ஏ 40 மூன்று வீட்டுப் பாத்திரங்களையும் நடக்கமாட்டாத ஒரு ஆச்சியையும் சுமந்துகொண்டு செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. ஸ்ரியறிங் வளையத்தில் மூன்று அங்குல ஆட்டம். தகட்டுத் துண்டு வைத்த போல் ஜொயின்ற். ஒன்றும் நடக்கவில்லை. நடந்து போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள், என்ன நடக்கும்? மற்ற நாட்களிலும் குண்டும் குழியுமான வீதியில் சைக்கிள் வேகத்துக்கு மேல் ஓடியது குறைவு. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் மூன்று மீற்றர்கூடப் போகாது. கை பிசகினாலும் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. இன்று அதே கார் காபெற் போட்ட வீதியில் 70இல் ஓடுகிறது. ஒரு விநாடியில் 19 மீற்றர். எதிரே கொழும்பு பஸ், பக்கத்தில் மோட்டார் சைக்கிள். அந்தக் காலத்துக் கைமருந்தை இந்தக் காலத்து வேகத்தில் பாவிக்க முடியாது.

மொறிஸ் மைனரின் சில்லு ஏன் மடிகிறது என்பதை விளக்கவேண்டும், ஏனென்றால் இந்தக் காரை வைத்திருப்பவர்களில் பலர் இதை அறியார்கள். 1948இல் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைச் செய்தவரும் அவரே. அந்தக் காலத்து ஒஸ்ரின் கார்களில் ஸ்ரியறிங் பெட்டி இருந்தபோது இவர் மைனருக்கு றக்கும் பினியனும் வைத்தார். அதனால்தான் மைனரின் ஸ்ரியறிங் இன்றும் கைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த பின்னின் மேலும் கீழும் திருகுப்புரி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் புரி ஒரு கிண்ணத்துக்குள் திருகி நிற்கிறது. சில்லு திரும்பும் ஒவ்வொரு முறையும் புரி உள்ளே சுழல்கிறது. காரின் முன்பக்கப் பாரமோ கீழ்க் கிண்ணத்தைப் பின்னிலிருந்து கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதாவது அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் அந்தச் சில புரிகளில் தொங்குகிறது. கிறீஸ் இருந்தால் பல்லாண்டு நிற்கும். கிறீஸ் வற்றி, ரயர் கிளப்பும் செம்மண் தூள் உள்ளே போனால் அரத்தைப் போல அராவும். ஒரு நாள் புரி முற்றாக உரிந்து கிண்ணம் கழன்றுவிடும். பெரும்பாலும் இது மெதுவாக, சில்லை நன்றாக ஒடித்துத் திருப்பும்போது நடப்பது கடவுள் செயல் என்றுதான் சொல்லவேண்டும். வேகத்தில் நடந்தால் சொல்ல ஆள் இருக்காது.

காரோடு வந்த பழைய கைநூல் இந்த இடத்துக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொன்னது. பிந்திய கார்களுக்கு 3,000 மைல் என்றார்கள். எங்கள் மண்ணுக்கு முந்திய கணக்கே பொருந்தும். ஒரு பக்கத்துக்கு மேலே ஒரு நிப்பிள், கீழே ஒன்று. இரு பக்கமும் நான்கு. சில்லில் பாரம் இருக்கும்போது அடித்தால் கிறீஸ் போகவேண்டிய பக்கத்துக்குப் போகாது. காரைத் தூக்கி, சில்லை இருபக்கமும் திருப்பித் திருப்பி, பழைய சிவந்த கிறீஸ் வெளியே வந்து புதியது தலைகாட்டும் வரை அடிக்கவேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் மேலால் கிறீஸைப் பூசிவிட்டு "அடித்தாயிற்று" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். நிப்பிளைக் கழற்றிக் கழுவ ஐந்து நிமிடமும் ஒரு ஸ்பனரும் போதும். றக் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதற்குள் இருப்பது கிறீஸ் அல்ல, கியர் ஒயில். அதன் இரு முனைகளிலும் உள்ள றப்பர் உறை கிழிந்தால் ஒயில் வடிந்து மண் ஏறும். மலிவான அந்த உறை விலைகூடிய றக்கைக் காக்கிறது.

இனி, ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது. இது தனியாள் வேலை அல்ல. வீட்டில் ஒருவர் ஸ்ரியறிங்கில் இருக்கவேண்டும், மனைவியோ மகளோ போதும், கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கார் நிலத்தில் நேராக நிற்கட்டும். அவர் வளையத்தை இரு விரலால் இப்படியும் அப்படியும் மெதுவாக அசைக்கட்டும். சில்லு அசையத் தொடங்கும் வரை வளையம் சும்மா போகும் தூரமே ஆட்டம். றக் உள்ள காரில் அது அரை அங்குலத்தைத் தாண்டினாலே தேடத் தொடங்கவேண்டும். பெட்டி உள்ள ஒஸ்ரினில் ஓர் அங்குலம் வரை நான் பொறுப்பேன், அதற்கு மேல் இல்லை. அவர் அசைத்துக்கொண்டிருக்க, நீங்கள் வளையத்திலிருந்து சில்லு வரை ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாவிட்டால், களவு அங்கேதான். பெட்டியையோ றக்கையோ சட்டத்தோடு பிணைக்கும் போல்ற்றுகளை மறந்துவிடாதீர்கள். அவை தளர்ந்த ஒரே காரணத்துக்காகப் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு.

பிறகு முன் சில்லைத் தூக்குங்கள். மைனரில் ஜக்கைக் கீழ்க் கையின் வெளிநுனிக்குக் கிட்ட வைத்தால்தான் புரியில் இருக்கும் பாரம் இறங்கி ஆட்டம் வெளியே தெரியும். ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். சட்டத்துக்குக் கீழே பனங்குற்றி வையுங்கள். சீமெந்துக் கல்லை வைக்கவே கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொருங்கும். இப்போது சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே இருப்பவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது சில்லின் பெயறிங். மிதித்தும் ஆடினால் கிங்பின். சில்லின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் போல் ஜொயின்ரைப் பாருங்கள். கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது. கால் மணித்தியாலம் போதும். எங்கள் வெங்காயக்காரர் இதைச் செய்திருந்தால் போல் ஜொயின்ருக்குக் கொடுத்த காசைக் கிங்பின்னுக்குக் கொடுத்திருப்பார்.

ஒஸ்ரின் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய பிழை வேறு. ஸ்ரியறிங் ஆடினால் உடனே பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்குவார்கள். ஆட்டமும் குறையும், மனமும் ஆறும். நாங்கள் ஓடுவது பெரும்பாலும் நேர்வீதியில். ஆகையால் பெட்டிக்குள் அதிகம் தேய்ந்திருப்பது நடுப்பகுதி. நடுவின் தேய்வுக்கு ஏற்றபடி இறுக்கினால், தேயாத ஓரங்களுக்குத் திரும்பும்போது அது பிடித்துக்கொள்ளும். திருப்பிய சில்லு தானாக நேருக்கு வராது. ஒரு முடக்கில் ஸ்ரியறிங் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தத் திருகைத் தொடவேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற மூட்டுகள் எல்லாம் நல்லவை என்று கண்டபின், சில்லுகளைத் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுழற்றிப் பார்க்கவேண்டும். எங்காவது பிடித்தால் பின்வாங்கவேண்டும். ஆட்டமும் போகவில்லை, பிடிக்கவும் செய்கிறது என்றால் பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒயில் வடிகிறது என்று பெட்டிக்குள் கிறீஸை அடைப்பதும் வேண்டாம். உருளும் இடத்திலிருந்து கிறீஸ் ஒருமுறை ஒதுங்கினால் திரும்பி வராது. ஒயில்தான் ஓடி வந்து நனைக்கும்.

போல் ஜொயின்ற் மாற்றுவது நிதானமான ஒருவர் வீட்டில் செய்யக்கூடிய வேலை. கழற்ற முன், பழையது எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணி எழுதுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். சில கார்களில் ரை றொட்டின் ஒரு முனை இடதுபுரி, எதிர்ப்பக்கம் திருகிப் புரியைக் கெடுத்துவிடாதீர்கள். கூம்பு இறுகிப்போய் வராவிட்டால் அடியிலிருந்து புரியில் அடிக்கவேண்டாம். கண்ணின் ஒரு பக்கத்தில் பாரச் சுத்தியல் ஒன்றை அண்டை கொடுத்து, மறுபக்கத்தில் இன்னொன்றால் இரண்டு மூன்று தரம் சுள்ளென்று அடித்தால் விட்டுவிடும். நற்றை இறுக்கியபின் ஸ்பிளிற் பின் துளை நேருக்கு வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கி நேராக்கவேண்டும். பின்வாங்கித் தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய ஸ்பிளிற் பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவது, ஒரு தீக்குச்சியை இரண்டு தரம் பற்ற வைக்கப் பார்ப்பது போலத்தான்.

மாற்றியபின் சில்லுகளின் நேரைப் பார்க்கவேண்டும். கருவி இல்லாவிட்டாலும் முடியும். இரண்டு முன் ரயர்களின் உட்பக்கத்திலும், முன்புறம், சில்லின் நடு உயரத்தில், வெண்கட்டியால் அடையாளமிட்டு இடைவெளியை அளவுங்கள். காரை முன்னே தள்ளி அந்த அடையாளங்கள் பின்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளவுங்கள். மைனருக்கு முன்புற அளவு, பின்புற அளவிலும் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், குறைவாக இருக்கவேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு போகத்துக்குள் ரயர் ஒரு பக்கம் தேய்ந்து கம்பி தெரியும்.

இங்கே ஒரு கோடு கீற விரும்புகிறேன். பார்ப்பது, கிறீஸ் அடிப்பது, ஆட்டம் தேடுவது எல்லாரும் செய்யவேண்டியவை. போல் ஜொயின்ற், றப்பர் உறை மாற்றுவது கவனமுள்ளவர் செய்யலாம். கிங்பின் மாற்றுவதை அதைச் செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்யவேண்டும், அதன் முறுக்குக் கம்பியில் அடங்கியிருக்கும் விசை கையை முறிக்கக்கூடியது. ஆனால் ஸ்ரியறிங்கின் எந்த உறுப்பையும் வெல்டிங் பிடிப்பதும், உலையில் வைத்து நிமிர்த்துவதும், தகடு வைத்து ஆட்டம் எடுப்பதும் வீட்டிலும் கூடாது, கராஜிலும் கூடாது. அவை அடித்துச் செய்து பதமேற்றிய உருக்கு. மீண்டும் நெருப்பைக் காட்டினால் பதம் போய்விடும். ஓரிடம் மெதுமையாகும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறுகலாகும். கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். எப்போது முறியும் என்று வெல்டிங் பிடித்தவருக்கும் தெரியாது. என் தகப்பனார் உலையில் நிமிர்த்திய ரை றொட்டோடு ஐந்து வருடம் ஓடினார் என்று முன்பு பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அது அவருடைய கெட்டித்தனம் அல்ல, அந்த வீதிகளின் மெதுவேகம் என்று பிறகுதான் விளங்கியது.

"இதெல்லாம் எதற்கு, கராஜில் விட்டுவிடலாமே" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்றைய இளம் மிக்கானிக்குகள் ஜப்பான் வாகனங்களில் கெட்டிக்காரர். ஏ 40இன் கிங்பின்னைக் கழற்றியவர்கள் அவர்களில் மிகச் சிலர். நான் ஒருமுறை காசு கொடுத்துச் செய்வித்த வேலையில் ஸ்பிளிற் பின்னுக்குப் பதிலாக மூன்றங்குல ஆணி ஒன்று வளைத்துச் செருகப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கீழே குனிந்து பார்த்தபடியால் கண்டேன். குனியத் தெரியாதவர் அந்த ஆணியோடு ஓடியிருப்பார். கராஜுக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சொந்தக்காரருக்குப் பார்க்கத் தெரியவேண்டும்.

அரசாங்கமும் பார்ப்பதில்லை. வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது, புகை கேடானதுதான். ஆனால் தனியார் காரின் சில்லு கழலுமா என்று எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. கடன் கொடுப்பவர்கள் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், பிணையாளியைப் பார்க்கிறார்கள். வாழ்வாதார உதவி என்று வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களும் குற்றவாளிகளே. விதை வெங்காயத்தின் முளைதிறனைச் சோதித்துக் கொடுத்தோம். அந்த வெங்காயம் சந்தைக்குப் போகும் காரின் கீழே ஒருமுறையாவது குனிந்து பார்க்கவில்லை. இடம்பெயர்ந்து, மீண்டும் மீண்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய சொத்து அந்த வாகனம் என்றால், அதன் கிறீஸும் எங்கள் வேலைத்திட்டத்தில் ஒரு வரியாக இருக்கவேண்டும்.

பெரிய பணம் தேவையில்லை. ஒவ்வொரு போகமும் தொடங்க முன், ஞாயிறு பூசைக்குப் பிறகு அரை நாள். ஒரு கிறீஸ் கண், ஒரு நல்ல ஜக், கிங்பின் கழற்றிப் பழகிய ஒரு பழைய மிக்கானிக். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கை இருக்கும்போதே எங்கள் பிள்ளைகள் பார்த்துப் பழகவேண்டும். உதிரிப்பாகங்களைத் தனித்தனியாகக் கொழும்புக்குப் போய்த் தேடுவதை விட, பத்துக் கார்க்காரர்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் பயணச் செலவும் குறையும், போலியை வாங்கி ஏமாறுவதும் குறையும். வாகனத்துக்குக் கடன் கொடுக்கும் கிராமச் சங்கங்கள், கையெழுத்து வைக்க முன் சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்க்கும் அந்தக் கால் மணித்தியாலச் சோதனையை நிபந்தனையாக்கலாம்.

வெங்காயக்காரர் இரு பக்கக் கிங்பின்னையும் மாற்றிவிட்டார். மனைவியின் காப்பு அதற்காக அடகுக்குப் போனது. உடைந்த பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று அவர் கேட்டபோது, மற்றப் பக்கத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினேன். பேசாமல் எழுந்து காசு எடுக்கப் போனார்.

எங்கள் பங்கு மண்டபத்தின் பின்புறம் நான்கு பனங்குற்றிகள் அறுத்து வைத்திருக்கிறோம். அடுத்த வெங்காய நடுகைக்கு முந்திய ஞாயிறு முதல் நாள். கிறீஸ் கண் வெங்காயக்காரருடையது. ஸ்பிளிற் பின்களை அவரவர் கொண்டுவரவேண்டும், ஸ்ரியறிங்கில் இருக்க வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டி வாருங்கள்.